பரவாயில்லைக்குக் கட்டம் இல்லை

லிஃப்ட் மெக்கானிக் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொண்ட கடைசி நாளில், அவருடைய படுக்கையறைச் சுவருக்கு அரிப்பு எடுத்தது. முதலில் சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. வாரக் கடைசியில் காரை வில்லை வில்லையாக விழுந்தது. சுவர் தன்னைத்தானே சொறிந்துகொள்ளும் சத்தத்தைக் கேட்டு, எலி புகுந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். கொத்தனார் இரண்டு முறை பூசிப் பார்த்தார். மூன்றாம் முறை வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துவிட்டு, "ஈரமும் இல்ல, விரிசலும் இல்ல. யாரோடதையோ வாங்கி வச்சிருக்கு," என்று கரண்டியைக் கழுவிக்கொண்டு போனார்.

யாருடையது என்று மனைவிக்குத் தெரியும். பித்தக்குழாயில் வந்த புற்று குழாயை அடைத்துக் கல்லீரலுக்கு ஏறி, அவருக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்தது. அவர் சொறிந்து யாரும் பார்த்ததில்லை. விரல்களை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பார். சொறிந்தது சுவர், தூங்காமல் கிடந்தது அவர். மருத்துவமனையில் மாதம் ஒரு முறை நர்ஸ் ஒரு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்பாள்: போன வாரம் அரிப்பு இருந்ததா, தூக்கம் கெட்டதா, சாப்பாடு பிடித்ததா. எல்லாவற்றுக்கும் அவர் "பரவாயில்லை" என்பார். அவள் 'கொஞ்சமும் தொந்தரவு இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடிப்பாள். டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு அனுப்பிவிடுவார்.

"லிஃப்ட்ல சத்தம்னா எந்த மாடி, ஏறும்போதா எறங்கும்போதான்னு குடைஞ்சு எடுப்பீங்க. ஒங்களைக் கேட்டா மட்டும் பரவாயில்லையா?" என்றாள் மனைவி.

"அந்தப் பொண்ணுக்கு ஆயிரம் வேலை. விடு."

நான்காவது மாதம் அவள் ஒரு துண்டு நிறையக் காரையைக் கட்டிக்கொண்டு போய் நர்ஸின் மேஜையில் கொட்டினாள். நர்ஸ் திடுக்கிடவில்லை.

"இந்த வருஷம் இது மூணாவது வீடுக்கா," என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "சார், பரவாயில்லைக்கு எங்கிட்ட கட்டம் கெடையாது. நாலு இருக்கு, ஒண்ணச் சொல்லுங்க."

அவர் காரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அதிகம்," என்றார். "தாங்கலம்மா."

அடைப்பு விலகச் சின்னக் குழல் ஒன்று வைத்தார்கள், அரிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். புற்று குறையவில்லை, குறையும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சுவர் அன்றோடு அடங்கியது. பதினொரு வாரம் அவர் இரவில் நிம்மதியாகத் தூங்கினார். விழித்திருந்த நேரமெல்லாம் குறை சொன்னார்: காபி ஆறிவிட்டது, தலையணை கல்லு, மகளின் ஸ்கூட்டருக்கு பிரேக் பிடிக்கவில்லை, மருத்துவமனை லிஃப்ட் மூன்றாம் மாடியில் தரைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் கேட்டிராத அவற்றை மனைவி ஒன்றுவிடாமல் கேட்டாள். பன்னிரண்டாம் வாரம் அவர் எதையும் குறை சொல்லவில்லை.

இறப்புச் சான்றிதழ் மூன்றாம் மாடியில் கொடுத்தார்கள். லிஃப்ட் ஒரு விரல் கீழேதான் நின்றது.