நாலு வராகன், நாலு துளை

காசு மாற்றும் சராப்புக் கடைக்காரன் வராகனைக் கல்லில் உரைத்தான், தராசில் வைத்தான், பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் துளை வழியாக வேலம்மாவைப் பார்த்தான்.

"ஓட்டை போட்ட காசு காசில்லம்மா, நகை. உருக்கித்தான் எடுக்கணும். நாலுக்கு மூணு தரேன்."

"இந்த ஊரு தரகர் குடுத்த காசுதான் சாமி."

"அவரு குடுக்கும்போது ஓட்டை இருந்துச்சா?"

இல்லை. துளைத்தது அவள் புருஷன் மாரி. பஞ்சத்தில் மீனுக்கு மாற்றாகக் கொடுக்க யாரிடமும் அரிசி இல்லை. இரண்டு வயது மகள் பவுனு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் முந்தாநாள் வேலம்மாவையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்து, ஒல்லாந்தர் கப்பலுக்கு ஆள் பிடிக்கும் தரகன் தசரதனிடம் நாலு வராகனுக்குத் தன்னையே விற்றுவிட்டான். காசை வேலம்மாவிடம் கொடுக்கும் முன் ஆணியால் நாலையும் துளைத்து, அவள் இடுப்புக் கயிற்றில் கோத்து முடிந்தான். பணத்தோடு ஏரியைத் தாண்டுகிற குப்பத்து ஜனங்கள் எல்லாரும் செய்வதுதான். மடியில் வைத்த காசைத் தண்ணீர் எத்தனையோ பேரிடம் பிடுங்கியிருக்கிறது.

"கப்பல் கெளம்பறதுக்குள்ள நாலு வராகனைக் கொண்டாந்தா ஆளைக் கூட்டிக்கினு போ" என்று தசரதன் அன்று தாராளமாகச் சொல்லியிருந்தான். பெரிய மனசுதான். வயிறு காய்ந்தவள் காசைத் திருப்பிக் கொண்டுவர மாட்டாள் என்ற தைரியம்.

ஆனால் அரிசி வாங்கும் முன்பே, அன்று ராத்திரியே, பவுனு பேதியில் போய்விட்டாள். குழியை மூடிய கையோடு வேலம்மா படகு ஏறிவிட்டாள். யாருக்காக விற்றானோ அவளே இல்லாதபோது இந்தக் காசு எதற்கு? ஓட்டைக் காசு செல்லாது, மாற்றிக்கொண்டு வா என்று தசரதன் விரட்டியதால்தான் இந்தக் கடைக்கு வந்தாள்.

வேறு வழியில்லாமல் மூன்று நல்ல வராகனை வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். கப்பலுக்குப் போகும் கடைசிப் படகு நின்றிருந்தது. கைகளைக் கட்டி உட்கார வைத்திருந்த வரிசையில் மாரியின் முதுகு தெரிந்தது.

தசரதன் எண்ணிப் பார்த்தான். "மூணுதான் இருக்குது. மூணுக்கு வேணும்னா அதோ அந்தக் கெழவனைக் கூட்டிக்கினு போ."

காலில் விழுந்தாள். நீங்கள் கொடுத்த காசுதானே என்று மண்ணில் முட்டிக்கொண்டு அழுதாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். படகுக்காரர்கள் துடுப்பை எடுத்தார்கள்.

"பொம்பளைய இன்னா வெலைக்கு எடுப்பீங்க?" என்றாள் வேலம்மா.

"ரெண்டு வராகன்."

"என்னை ஒண்ணுக்கு எடுத்துக்குங்க. மூணு வராகனும் நானும். அவர வுட்ருங்க."

உட்கார்ந்த இடத்தில் ஒரு வராகன் லாபம். தசரதன் அதிகம் யோசிக்கவில்லை. அவளும்தான் யோசிக்கவில்லை. அந்தக் குடிசைக்குள் இனிக் கால் வைக்க அவளால் முடியாது. அவனாவது சொந்தக் கரையில் இருக்கட்டும் என்று மட்டும் தோன்றியது.

மாரியின் கையிலிருந்து அவிழ்த்த கயிற்றாலேயே அவள் கையைக் கட்டினார்கள். அப்போதுதான் அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"இன்னா வேல செஞ்சுட்ட நீ," என்று பாய்ந்து கயிற்றைப் பிடித்தான். சேவகன் தடியால் அவனை நெஞ்சில் தள்ளினான். வேலம்மாவைப் படகில் ஏற்றினார்கள். மாரி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். அவள் இடுப்பைப் பார்த்தான், பிறகு கரையைத் திரும்பிப் பார்த்தான்.

"பவுனு யாருகிட்ட இருக்குது? சொல்லு, நான் போய்த் தூக்கிக்கிறேன்."

அந்தக் குடிசையில் காலித் தூளியை இனி அவன்தான் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது வேலம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தாள். சேவகன் மாரியின் விரல்களைத் தட்டிவிட்டான். படகு நகர்ந்தது.

"யாருகிட்ட வேலம்மா?" என்று அவன் தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.