எலுமிச்சம்பழம் ஏறாத வண்டி

சுருளிராஜன் தன் பெண்டாட்டியை உத்தமபாளையம் பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டுப் போய்விட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அந்த அளவுக்குச் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. பெட்ரோல் போட இறங்கிய மாயக்காள் திரும்ப ஏறுவதற்குள் வண்டியை முறுக்கியவர், கம்பம் மார்க்கெட் வரைக்கும் திராட்சை விலையைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். பதில் வராதது அவருக்கு உறைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பதிலை எதிர்பார்த்துப் பேசியதில்லை.

பங்க்கில் நின்றபடியே மாயக்காள் முடிவு செய்தாள். ஐம்பத்திரண்டு வயதானால் என்ன, இனிமேல் தனக்கென்று ஒரு வண்டி. சந்தைக்கும் தங்கச்சி வீட்டுக்கும் எவர் முதுகையும் பார்க்காமல் போய்வர வேண்டும்.

கம்பத்து ஷோரூமில் வண்டி விற்கிற உமாதேவி, "யாருக்கும்மா வண்டி?" என்று கேட்டாள்.

"இவளுக்குத்தான்" என்று முந்திக்கொண்டார் சுருளிராஜன். "ஆனா கியர் வண்டியாக் காட்டு, தாயி. அதுதான் தோட்டத்துப் பாதைக்குத் தாங்கும்."

மாயக்காளுக்கு விளங்கிவிட்டது. அவள் சீட்டுப் போட்டு எடுத்த டிவி அவருடைய செய்திக்குப் போனது. அவள் சீராகக் கொண்டுவந்த கட்டில் அவருடைய குறட்டைக்குப் போனது. மோட்டார் சைக்கிளை வாங்கினால் அன்று சாயங்காலமே அது அவருடையதாகிவிடும், இவள் பழையபடி பின்சீட்டில்தான் உட்கார வேண்டும்.

ஆனால் பாழாய்ப்போன வண்டி பிடித்துத் தொலைத்தது. கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு காலும் தரையில் பதிந்தன. உமாதேவி ஸ்டார்ட் செய்ததும் அடிவயிறு வரைக்கும் அதிர்ந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இறங்கவே மனமில்லை.

இறங்கினாள். "அந்த ரோஸ் கலர் ஸ்கூட்டரைக் குடும்மா."

"அது பொம்பளைக வண்டில்ல?" என்று மீசையைத் தடவினார் சுருளிராஜன்.

"நான் பொம்பளதான. இத்தன வருசம் கழிச்சுச் சந்தேகமா?"

அப்படியொரு மீசையை வைத்துக்கொண்டு எந்த மனுஷனும் ரோஸ் ஸ்கூட்டரில் ஏறமாட்டான் என்பது அவள் போட்ட கணக்கு.

கணக்கு கோயில் வாசலிலேயே தப்பியது. பூசாரி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததுதான் தாமதம். "தள்ளு, நீ எங்கனயாச்சும் விழுந்து வைப்ப" என்று அவரே ஏறிப் பழத்தை நசுக்கி, கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏங்க, அது என் வண்டியில்ல?"

"பழம் நசுக்குனவுகளுக்குத்தான் வண்டி. பெரியவுக சொல்லியிருக்காக."

எந்தப் பெரியவர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கியர் போடும் தொல்லை இல்லை, உதைக்க வேண்டாம், காலடியில் உர மூட்டை வைக்க இடமும் இருந்தது. ஒரே வாரத்தில் ஸ்கூட்டர் சுருளிராஜனோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை; சொகுசு கண்ட இடத்தில் மீசைக்கு என்ன மரியாதை? மாயக்காள் வெங்காயத்தைச் சாக்கு வைத்து அடுப்படியில் அழுதாள். மனசு விட்டுத்தான் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மாட்டுக்கொட்டத்தில் கிடந்தது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அன்று, "பழைய வண்டிக்கு எதுக்குப் புதுப் பழம்?" என்று பூஜையே போடவில்லை. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கோழியை வேறு இடத்துக்குக் குடிமாற்றினாள். மத்தியானம் அவர் உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது, திராட்சைப் பந்தல் பாதையில் ஓட்டிப் பழகினாள். சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்தவளுக்கு, எந்த மேட்டில் எந்தக் கியர் என்று இடுப்புக்கே தெரியும். ஒரு தடவை பந்தல் கல்லில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அவர் ஏனென்று கேட்கவில்லை.

லைசென்சும் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் பழம் வைத்தாள். சூடம் கொளுத்தினாள்.

சுருளிராஜன் பாட்டிலும் கையுமாக வந்தார். ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது; அதைப் போடுவது மட்டும் பெண்டாட்டி வேலை என்று விட்டிருந்தார்.

"ஏ மாயி, என் வண்டிய என்ன செய்யிற?"

"பழம் நசுக்குறேன்."

பழம் இரண்டும் பிதுங்கின. அவர் வாயைத் திறந்தார். தான் சொன்ன பெரியவர்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"சரி, பங்க் வரைக்கும் என்னையும் ஏத்திட்டுப் போ."

"ஏறுங்க."

உத்தமபாளையம் பங்க்கில் அவர் இறங்கினார். திரும்பி வந்து ஏறுவதற்குள் மாயக்காள் முறுக்கினாள். வேண்டுமென்றேதான் செய்தாள், அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. "ஏ மாயி! ஏய்!" என்று பின்னால் சத்தம் கேட்டது. அவள் கம்பம் ரோட்டில், காலியாக இருந்த பின்சீட்டிடம் திராட்சை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள்.