ஒன்பதாம் வெண்புள்ளி

தென்கடல் கடந்து ஈரம் சுமந்து வந்த வெங்காற்று மூன்று நாளாக ஓயாமல் வீசி, வளைகுடாவின் நீலத்தைச் சாம்பலாக்கி, வெசுவியோ மலையுச்சிப் புகையை இழுத்து வந்து ஊரின் மேல் கவிழ்த்திருந்த அக்டோபர்க் காலை அது. இத்தாலியின் நாபொலி நகரின் மாடிகளில் கட்டிய கயிறுகளில் துணிகள் காயாமல் தொங்கின. மீன் விற்பவர் குரல்கள் சந்துகளில் ஏறிக் களைத்துத் திரும்பின. இவை எல்லாவற்றுக்கும் மேலே, மேட்டில் நின்றது துறவியர் கைவிட்டுப் போன பழைய மடம் ஒன்று. வாய்திறவாமல் அவர்கள் உணவுண்ட நெடுங்கூடத்தில் இப்போது வாள்கள் பேசின. அங்கே அன்று ஆசான் தேர்வு.

அப்பள்ளியில் படிகள் மூன்று. கற்பவன் மாணாக்கன், புதியவர்களுக்குக் கால்வைப்புச் சொல்லித் தருபவன் பயிற்றுநன், இருவருக்கும் மேலே ஆசான். முன்னிருவருக்கும் வெள்ளைச் சட்டை. ஆசானுக்கு மட்டுமே கருஞ்சட்டை. அக்கருமை பெருமைக்காக வந்ததன்று. மாணாக்கனின் மழுக்கிய வாள்முனையில் சுண்ணம் தோய்ப்பார்கள். அவன் பிழையின்றிக் குத்தினால் ஆசானின் நெஞ்சில் வெண்புள்ளி விழும். விழுந்ததும் ஆசானே தன் வாயால் "பட்டது" என்று சொல்ல வேண்டும். பாடம் முடிந்தபின் புள்ளிகளை எண்ணுவார்கள். புள்ளி விழாத கருஞ்சட்டை, ஒன்றும் கற்பிக்காதவனின் சட்டை.

பயிற்றுநன் அரிஸ்திதேயின் துன்பம் இங்கேதான் தொடங்கிற்று. நாற்பத்தொரு வயதினன், பதினோராண்டு வெள்ளைச் சட்டையில் நின்றவன், அத்தனை ஆண்டும் பயிற்சியில் எவனுடைய முனையும் தன் நெஞ்சைத் தொட விடாதவன். முன்னர் இருமுறை தேர்வுக்கு வந்தான். முதன்முறை அவன்மேல் விழுந்தவை இரண்டே புள்ளிகள், இரண்டும் முழங்கையில். மறுமுறை, எப்படியாவது வாங்கிவிடுவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு முனையிருந்த இடத்துக்கு நெஞ்சைக் கொண்டுபோய் வைத்தான். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அப்பிக் கிடந்தன. பாடம் சொல்லவில்லை, பிச்சை போட்டிருக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் தவறினால் நான்காம் முறை இல்லை. சாகும்வரை வெள்ளைச் சட்டை. சாகும்வரை புதியவர்களுக்கு முன்கால், பின்கால்.

ஆதலால் கடந்த ஒரு திங்களாக அவன் மனைவி பிலோமேனா, மீன் பொரிக்கும் நேரமெல்லாம் மரக்கரண்டியை மாவில் தோய்த்து அவன் நெஞ்சில் குத்தப் பார்த்தாள். அசையாமல் நிற்பதாகச் சொல்லி நிற்பான். கரண்டி அருகில் வந்ததும் கை தானே எழுந்து தட்டிவிடும். இரண்டு தட்டுகளும் ஓர் எண்ணெய்க் குடுவையும் அதில் உடைந்தன.

"உன் நெஞ்சு என்ன கோயில் பீடமா, யாரும் தொடக்கூடாதுன்னு?" என்றாள் அவள். "பதினெட்டு வருஷமா நானே கேட்டுக் கேட்டுத்தான் தொட வேண்டியிருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்வு மேடையில் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் முதுபெரும் ஆசான் பல்தசாரே. வலக்கோடியில் தன்கிரேதி, அரிஸ்திதேயிடம் ஆறாண்டு கற்று, இருபத்தாறு வயதில் முதல் முயற்சியிலேயே கருஞ்சட்டை பெற்றவன். அவனுக்கு முன்கால் எடுத்து வைக்கச் சொல்லித் தந்தவன் அரிஸ்திதே. அவனிடம் ஒரு குத்துக்கூட வாங்காதவனும் அரிஸ்திதேயே. வாங்கியவர் வேறோர் ஆசான். தன்னைத் தாண்டிப் போனவன் முன்னால் தலைவணங்கி நிற்பது, செருப்புக்குள் கல்லை வைத்துக்கொண்டு மலையேறுவது போல அவனை அறுத்தது.

தேர்வுக்கென இரவல் தந்த கருஞ்சட்டையை அணிந்து, வினாக்களுக்கு விடை சொன்னான். வாட்போட்டியில் மூவரை வீழ்த்தினான். ஒருவனும் அவனைத் தொடவில்லை. மேடையில் ஒருவரும் தலையசைக்கவுமில்லை. பிறகு பாடம் கேட்க வேண்டிய மாணாக்கனின் பெயரைத் தொப்பியிலிருந்து எடுத்தார்கள். வந்தவன் சவேரியோ, துறைமுக விடுதியொன்றில் பெட்டி தூக்குபவன், இரண்டாமாண்டு மாணாக்கன். வாளின் பிடியை அவன் பற்றியிருந்ததைக் கண்டதும், நல்லூழ்கூடத் தனக்கு எதிராகச் சீட்டு எடுக்கிறது என்று அரிஸ்திதே மனத்துக்குள் வைதான்.

"விரல்ல பிடி, முஷ்டில இல்ல."

"விரல்ல பிடிச்சா பெட்டி கீழ விழுந்துடும், வாத்தியாரே."

"இது பெட்டி இல்ல. உள்ள ஒண்ணும் இல்ல. விடு."

சவேரியோ விட்டான். விட்டதும், அந்தப் பருத்த கைக்குள் எங்கோ ஒளிந்திருந்த மென்மை மெல்ல வெளியே வந்தது. அரிஸ்திதே பிழையாக வந்த முனைக்கு வழியை அடைத்தான். சரியாக வந்த முனைக்குத் திறந்தான். முதற்குத்து விழுந்தபோது அவன் கை தட்டிவிட எழப் பார்த்தது. எழப் பார்த்த கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு "பட்டது" என்றான். பல்லைப் பிடுங்கினாற்போல் வந்தது அச்சொல். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. தோளில், மார்பில், விலாவில், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வெண்புள்ளிகள். தன்கிரேதி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

இறுதியாக ஏமாற்றுக் குத்து ஒன்றைச் சொல்லித் தந்தான்: நான் உன் வாளை ஒதுக்க வருவேன், என் வாள் தொடுமுன் நீ கீழே நழுவி மறுபக்கம் வா. சவேரியோ மூன்று முறை மெதுவாகச் செய்தான். மூன்று முறையும் பிசகிற்று. பாடத்தை முடித்துவைக்கும் மணியை எடுக்கப் பல்தசாரே கை நீட்டினார்.

அந்நொடியில், யாரும் கேளாமலே சவேரியோ பாய்ந்தான். அரிஸ்திதே திறக்கவில்லை. பதினோராண்டின் முழு விரைவோடும் அவன் கை விலக்க எழுந்தது; எழுந்த வாளுக்கு அடியில் எதிரி முனை நழுவி, மறுபுறம் ஏறி, நெஞ்சின் நடுவில் ஊன்றி, வாள் வில்லாய் வளைந்து நின்றது. கொடுக்கப்படாத குத்து. பதினோராண்டில் அப்படி விழுந்த முதற்குத்து. ஒரு சொல் போதும். அச்சொல்லுக்காக ஒரு சட்டை காத்திருந்தது.

சொல் வரவில்லை. கை வந்தது. எதிர்க்குத்து சவேரியோவின் முகவலையில் இறங்கிக் கம்பியை நெளித்தது. அவன் இரண்டடி பின்னால் தள்ளாடித் தரையில் உட்கார்ந்தான்.

பல்தசாரே இறங்கி வந்து புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினார். ஒன்பது இருக்கின்றன, காதில் விழுந்தவை எட்டுத்தானே என்று கேட்டார். விடை சொன்னவன் தன்கிரேதி.

"எட்டு நீங்க குடுத்தது, அரிஸ்திதே ஐயா. ஒன்பதாவது அவன் எடுத்தது. அந்த ஒண்ணப் பாக்கத்தான் நாங்க மூணு பேரும் காலைல இருந்து உக்காந்திருக்கோம்."

"கை தானாப் போச்சு."

"தெரியும். அந்தக் கைக்கு எதிர்ல ஆறு வருஷம் நின்னவன் நான்."

அவன் குரலில் பழிப்பு இல்லை. இருந்திருந்தால் அரிஸ்திதே அதையாவது தட்டிவிட்டிருப்பான். இரவல் சட்டையைக் கழற்றி மடிக்காமல் இருக்கையின் மேல் போட்டுவிட்டு, தன் வெள்ளைச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியேறினான்.

வாயிலில் உதடு வீங்கிய சவேரியோ காத்திருந்தான். ஏசத்தான் நிற்கிறான் என்று எண்ணினான் அரிஸ்திதே. ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் எண்ணினான்.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்தக் கடைசிது பட்டுச்சா, இல்லையா?"

அரிஸ்திதே கடலைப் பார்த்தான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, புழுதியும் புகையுமே.

"பட்டுச்சு."

"அப்ப சரி," என்றான் சவேரியோ. உதட்டைத் துடைத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். கீழே சுட்ட கொட்டைகள் விற்பவனிடம் அவன் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது படிகள்வரை கேட்டது.

முற்றத்தில் பணியாள் ஒருவன் கருஞ்சட்டையைத் தூணில் தொங்கவிட்டுக் கோலால் தட்டிக்கொண்டிருந்தான். சுண்ணம் சிறு முகிலாய்ப் பறந்து காற்றோடு போயிற்று. எட்டும் போயின, ஒன்பதாவதும் அவற்றோடு போயிற்று. படிப்பவரே, அரிஸ்திதே சொன்னது சரியான சொல்தான். அதை எண்ணுவதற்கு மேடையில் ஆளிருந்த வேளையில் அது வரவில்லை, அவ்வளவே. மறு திங்கட்கிழமை காலை அவன் வெள்ளைச் சட்டையில் நின்று, வாள் பிடித்தறியாத பன்னிருவருக்கு முன்கால் எங்கே, பின்கால் எங்கே என்று சொல்லித் தந்தான். அவர்களில் ஒருவன் விளையாட்டாகக் கோலை நீட்டினான். அரிஸ்திதே பேச்சை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கை எழுந்து விலக்கிவிட்டது.