அக்கா அழுக்கு வளர்த்த கதை

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அக்கா வீட்டு பால்கனியில் கிடைத்தது. பத்திரிகை ஆசிரியர் கதை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். கையில் சரக்கு இல்லை. சரி, சாப்பாடாவது கிடைக்கட்டும் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியை எட்டிப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்ச பேர் வரணும்டா" என்றாள். தொட்டியில் குட்டி மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார் வரணும் என்று கேட்டேன். "கிருமிங்க" என்றாள், சம்பந்தி வீட்டாரைச் சொல்வதுபோல் மரியாதையாக.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன், இதுதான் கதை என்று. சாப்பாடும் நன்றாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: "காலைக் கதிரவனின் பொற்கிரணங்கள் தொட்டி நீரில் பட்டுத் தெறிக்க..." அடித்துவிட்டேன். அந்த பால்கனி மேற்குப் பார்த்தது. காலையில் அங்கே வெயிலே எட்டிப் பார்க்காது.

இரண்டாவது: "மீனும் செடியும் ஒன்றை ஒன்று காதலித்த..." (அக்கா படித்தால் காகிதத்தைக் கிழிப்பாள். என்னையும்.)

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்: ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளிலிருந்து கிருமி நீக்கும் பிரிவுக்கு அக்காதான் பொறுப்பு. கத்தி, கத்தரி, இடுக்கி எதுவானாலும் அவள் கண்ணெதிரே கழுவி, துணியில் சுற்றி, நீராவியில் வேகவைத்து, தேதியும் கையெழுத்தும் போட்ட பிறகுதான் தியேட்டருக்குப் போகும். அவள் அனுப்பிய கருவித் தட்டு சரியில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'கொதிநீர்'. அது அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

இப்படிப்பட்டவள்தான் வீட்டில் மீனையும் கீரையையும் ஒன்றாக வளர்க்கக் கிளம்பினாள்.

[இதற்குப் பெயர் அக்வாபோனிக்ஸ். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கீழே மீன் தொட்டி. மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டு, அதில் செடிகள், மண் கிடையாது. ஒரு சின்ன பம்பு தண்ணீரை மேலே ஏற்றும். அது கற்களுக்குள் இறங்கி, வடிந்து, மறுபடி மீனிடமே வரும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். கல்லில் வழவழவென்று ஒட்டி வாழும் கிருமிகள்தான் அதைச் செடிக்கு உணவாக மாற்றுகின்றன. தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போயிருக்கலாம். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.]

3

அக்கா என்ன செய்திருப்பாள் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். கூழாங்கற்களை அண்டாவில் போட்டு வேகவைத்தாள். குழாய்களை பிளீச்சில் ஊறப்போட்டாள். மீன்களை விட்ட பிறகும் விடவில்லை. கல்லில் லேசாக வழவழப்பு தட்டினால் போதும், பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிடுவாள். தேய்த்து முடித்ததும் தட்டின் ஓரத்தில் ஒட்டுநாடா, அதன்மேல் தேதி, கையெழுத்து.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல என்று அக்கா இன்னும் தீனி போட்டாள். ஒன்றுவிடாமல் செத்து மிதந்தன.

(இங்கே உருக்கமான பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அக்கா உருகவில்லை. அவளுக்கு வந்தது கோபம்.)

தொட்டித் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி லேபில் இருக்கும் சிநேகிதியிடம் போனாள்.

"அக்கா, இதுல கிருமின்னு சொல்லிக்க ஒண்ணுமே இல்லையே" என்றாள் லேப்காரி.

"எப்படி இருக்கும்? என் தொட்டியாச்சே."

"அதனாலதான்க்கா செத்திருக்கு. அம்மோனியா எகிறிக் கிடக்கு. அதைத் திங்க ஒரு ஜீவன் இல்ல."

சுத்தமாக இருக்கிறது, அதுதான் தப்பு என்று அக்காவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை மீன் விடறேன். அதுவும் செத்துப்போச்சுன்னா தொட்டியைக் கழட்டி யாருக்காவது கொடுத்துடுங்க. என் கையால இனி ஒரு உயிர் போக வேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

4

லேப்காரி தன் வீட்டு மீன்தொட்டியிலிருந்து பழைய கற்கள் கொஞ்சம் கொடுத்தாள். பாசி படிந்து, கையில் எடுத்தால் வழுக்கும் கற்கள். அக்கா அவற்றை மூடி போட்ட எவர்சில்வர் தட்டில் வைத்து, ஆபரேஷன் கருவி கொண்டுபோகிற பதவிசோடு பஸ்ஸில் கொண்டுவந்தாள். தன் கற்களின் நடுவே அவற்றைப் புதைத்தாள். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுக விட்டாள்; கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. அந்த வாடையில் அவள் மூக்கு பட்ட பாட்டை அவளே சொல்லிக் கேட்க வேண்டும்.

தண்ணீரைச் சோதிக்க ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் அல்லது பச்சை வரும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை என்றால் ஆபத்து, கரும்பச்சை என்றால் பேராபத்து. வெகுநாள் பச்சையாகவே வந்து, பிறகு வெளிறி, ஒருநாள் மஞ்சளானது. மீண்டும் மீண்டும் மஞ்சள் வந்த பிறகே புது மீன்களை விட்டாள்.

கீரை தழைத்தது. ஆனால் அக்கா யாருக்கும் கீரையைக் காட்டுவதில்லை. பால் போடுகிறவர், மேல்வீட்டு டீச்சர், வந்தவர் போனவர் எல்லோரையும் கூப்பிட்டு, கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "தொட்டுப் பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு" என்பாள். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல் முகம் பூரித்துப்போகும். எனக்கும் அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

5

இனி மாமா. இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். லிஃப்ட் மெக்கானிக். தொட்டிக்குப் பம்பும் குழாயும் பொருத்தியவர் அவர்தான், சொட்டு ஒழுகாது. கெட்டவர் என்று எழுத மனசு வராது. நல்லவர் என்று எழுதினால் அடுத்து வருவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அன்று அவருக்கு லீவு, அக்காவுக்கு டியூட்டி. பால்கனிக்கு வந்தவர் கற்களைப் பார்த்தார். ஐயோ பாவம், வேலைக்களைப்பில் இவளால் கழுவ முடியவில்லை போல என்று நினைத்தார். (கிருமி சமாசாரத்தை அக்கா விளக்கோ விளக்கென்று விளக்கியிருந்தாள். அந்த நேரமெல்லாம் அவர் பம்பு சத்தம் சரியாக வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.)

அக்கா பையோடு உள்ளே நுழைந்தபோது, பாதிக் கற்கள் பக்கெட்டில், பிளீச் தண்ணீரில், பளபளவென்று கிடந்தன.

"என்னங்க இது?"

"உனக்கு ஒரு வேலை மிச்சம்மா. பாதி முடிச்சுட்டேன்."

"கையில இருக்கறதைக் கீழ வைங்க."

"இரு, மீதியையும்..."

"வைங்கன்னேன்."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் மாமாவைப் பயமுறுத்தியது. பிரஷ்ஷை வைத்துவிட்டு, தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளீச் பட்ட கற்கள் மறுபடி உள்ளே போகவில்லை. கழிவு குறையட்டுமென்று மீன்களுக்குத் தீனி நின்றது. மிச்சமிருந்த பாதிக் கல்லின் கிருமிகள்தான் மொத்தப் பாரத்தையும் சுமந்தாக வேண்டும். மறுநாள் கண்ணாடிக் குழாயில் பச்சை வந்தது.

இந்தப் பகுதியைப் படித்த மாமா, "நானே பாதியில நிறுத்திட்டேன்னு மாத்தி எழுதுப்பா" என்று கேட்டுக்கொண்டார். சமையலறையிலிருந்து அக்கா, "நடந்ததை எழுதுடா" என்றாள். எழுதிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் தொட்டியருகே குந்திவிடுகிறார் என்பதையும் சேர்த்திருக்கிறேன். அதுவும் நடந்ததுதானே.

6

முடிவு அ: மீன்கள் சாகின்றன. அக்கா சொன்ன சொல் தவறாமல் தொட்டியைக் கழற்றுகிறாள். காலி பால்கனி. (பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டு.)

முடிவு ஆ: எல்லாம் பிழைக்கின்றன. எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமா எதையோ... (இதற்கு மேல் எழுத ஓடவில்லை.)

முடிவு இ: ஒன்றே ஒன்று சாகிறது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத முடிவு.

நான் அசந்திருந்தபோது அக்கா மூன்றையும் படித்துவிட்டாள்.

"இ-ல எந்த மீன்டா சாகுது? வந்து காட்டு."

போனேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. என்னால் எதையும் காட்ட முடியவில்லை.

"அ-வும் தப்பு. செத்தாலும் நான் கழட்ட மாட்டேன்."

"நீதானேக்கா சொன்னே?"

"சொன்னேன். அப்ப என் கல்லுல ஒரு ஜீவன் கிடையாது. இப்ப அப்படியில்ல. மிச்சம் பாதிக் கல்லுல அவங்க இருக்காங்க, நான் வளர்த்தவங்க. ராப்பகலா உழைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்களை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குப்பையில கொட்டறது?"

ஒரு கிருமியையும் உயிரோடு விடாமல் பேர் வாங்கியவள் என் அக்கா. இதைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது. மூன்று முடிவுகளையும் நானே கிழித்தேன்.

7

கதை இப்போது நிகழ்காலத்துக்கு வந்துவிட்டது. சாயங்கால வெயில் பால்கனிக்கு வந்திருக்கிறது. கற்களுக்குள் சிக்கிய வேரை எடுக்க அக்கா முழங்கை வரை கைவிட்டுத் துழாவியிருக்கிறாள். சோதனைக் குழாயில் சொட்டு விட்டாயிற்று. காத்திருந்தாயிற்று. அவள் அதை வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். மாமா அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்.

"எழுத்தாளரே, இங்க வா. உங்க மாமாவுக்குப் பார்க்கப் பயமாம்."

போனேன், பார்த்தேன். என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. மஞ்சள் என்றால் 'அப்பாடா' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பச்சை என்றால் உச்சுக்கொட்டிவிட்டுப் புரட்டிவிடுவீர்கள். நிறத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் தொட்டி அங்கேதான் இருக்கும். அவசரமில்லையென்றால் இந்த பால்கனியில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அக்கா குழாயை மாமா கையில் கொடுத்துவிட்டு, வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள். கல்லிலிருந்த பழுப்பு வழவழப்பு நெற்றியில் நீளமாக ஈஷிக்கொண்டது. மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"நெத்தியில அழுக்கு ஒட்டியிருக்கு பாரு."

"இருக்கட்டும்" என்றாள் அக்கா.