ஈரப்பதம் ஒன்பது

கொளஞ்சியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது நடந்த ஐப்பசியில், அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு மக்காச்சோளம் காய்ந்தது. சங்கராபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்களில் அப்போது பதினோரு நாளாக மழை விடவில்லை. அறுத்த சோளத்தை ரோட்டில் கொட்டிக் காயவைக்க வழியில்லாமல், தார்ப்பாய்க்குள் மணிகள் புழுங்கிப் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தன. கொட்டகையில் உட்கார்ந்து கறுத்த மணி பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சில் கிளம்பிய சூடு கழுத்தைத் தாண்டி உச்சந்தலைக்கு ஏறி, காது மடல் வழியாக வெளியே போனது. அது தினமும் வருவதுதான். அன்றைக்கு அது போன பிறகு பக்கத்திலிருந்த மணிகளைக் கையால் அளைந்தால் கூழாங்கல் மாதிரி கலகலவென்றது. புருஷன் சின்னராசு ஒரு படி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு சங்கராபுரம் மண்டிக்குப் போனான். மண்டிக்காரர் வெற்றிவேல் ஈரம் பார்க்கும் மிஷினில் கொட்டிப் பார்த்தார். பன்னிரண்டு. மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் இருபத்தைந்துக்குக் குறையவில்லை.

"இன்னாண்ணே, காயவெக்கிற மிஷினு வாங்கிட்டியா?"

"மிஷினெல்லாம் இல்லப்பா. எம் பொண்டாட்டிதான்" என்றான் சின்னராசு. வெற்றிவேல் தலையாட்டிவிட்டு விலையைச் சொன்னார்.

அந்தச் சூடு வர ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம். மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாவது நின்று பதினான்கு மாதம். சீப்பு வைத்த இடமெல்லாம் முடி சுருள் சுருளாக வந்து, கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. கெண்டைக்கால் தோல் வெடித்து, சொறிந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது. தாடையில் கம்பி மாதிரி மூன்று முடி முளைத்தது. பிடுங்கினால் நான்காக வந்தது. இடுப்பு பெருத்துப் பழைய ரவிக்கைக்கு ஊக்கு எட்டவில்லை. இதையெல்லாம் வீட்டில் பார்க்காதவர் இல்லை. சின்னராசு "கெழவி ஆயிட்டியேமே" என்று சிரித்தான். டிப்ளமா முடித்த மகன் இளவரசன் சோற்றில் முடி கிடக்கிறதென்று தட்டைத் தள்ளினான். உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டது எதிர்வீட்டு உபகாரமேரி ஒருத்திதான். அவள் நான்கு வயது மூத்தவள், இதையெல்லாம் தாண்டி வந்தவள்.

"வெந்நி ஊத்திக்காதடி கொளஞ்சி, தோலு இன்னும் உரியும். ஒடம்பு ஈரமா இருக்கச்சவே தேங்காண்ணை தடவு. சோப்ப கம்மி பண்ணு. அந்த நைலக்ஸ் பொடவய தூக்கி அடுப்புல போட்டுட்டு நூல் பொடவ கட்டு. தாடியப் பத்திக் கவலப்படாத, எம் புருசன் சூசைய விட எனக்கு ஜாஸ்தி. மொதல்ல கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரில டாக்டரம்மாவப் பாரு. நானு பாத்தேனே, செத்தா போயிட்டேன்?"

போக ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் கொளஞ்சியம்மாள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் களையெடுப்பு குறுக்கே வந்தது, பிறகு தண்ணீர் முறை, பிறகு அறுப்பு, பிறகு மழை. "மழ விடட்டும்" என்றான் சின்னராசு.

சோளம் காய்ந்த சேதி மூன்று நாளில் மூன்று ஊருக்குப் போயிற்று. டிராக்டரில் மூட்டைகள் வந்தன. கொண்டுவந்தவர்கள் சின்னராசுவைக் கேட்டார்கள். அவன் தெருவுக்கு ஒரு வேளை என்று முறை போட்டுக்கொடுத்தான். அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அடுப்பை யாரும் கேட்டுக்கொண்டு பற்றவைப்பதில்லை அல்லவா. சோளத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை வந்தது, கல்யாண வீட்டு ஜமக்காளம் வந்தது, நனைந்து தொய்ந்த மேளம் வந்தது. ஊராட்சி ஆபீஸில் ஒழுகி நனைந்த பிறப்புப் பதிவேடுகூட வந்து காய்ந்து போனது. அதில் அவள் பிறந்தது இல்லை. அதே ஊரில் பிறந்தவள்தான்; பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். அவள் கட்டிலைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். காற்று பட்டால் சூடு கலைகிறதென்று மேசை ஃபேனை எடுத்துக்கொண்டு போனார்கள். மூட்டைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே, பஸ்ஸைக் கேட்பது போல, "இன்னும் வரலியா?" என்று கேட்டார்கள். கோபம் வந்தால் சூடு சீக்கிரம் வருகிறது என்று கண்டுபிடித்தவன் இளவரசன். அதிலிருந்து மூட்டையோடு ஆளுக்கொரு குத்தல் பேச்சும் வந்தது. "இன்னா கொளஞ்சி, மீச முறுக்கிக்கினு பஞ்சாயத்துல நிக்கப்போறியா?" என்று ஒருவன் கேட்பான். அவள் முகம் சிவக்கும். எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாகத் தார்ப்பாயை விரிப்பார்கள்.

இப்படி ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. உதிர்ந்த அவள் முடியையும் சோளக்கதிரின் பட்டு முடியையும் ஒரே விளக்குமாறால் கூட்டித் தள்ளினார்கள். பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வெற்றிவேல் நேரே கொட்டகைக்கே வந்தார், மூட்டையில் குத்திப் பார்க்கும் கையடக்க மிஷினோடு. மூன்று லோடு காய்ந்து அடுக்கியிருந்தது. குத்திய இடமெல்லாம் பன்னிரண்டு காட்டியது. சாணிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த உபகாரமேரி கூடையை இறக்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்து மிஷினைப் பிடுங்கினாள். கொளஞ்சியம்மாளின் முன்கையில் அந்த ஊசியைப் படுக்கவைத்து அழுத்தினாள்.

"வாய்விட்டுப் படிப்பா."

"ஒம்போது" என்றார் வெற்றிவேல்.

"கேட்டுக்கினீங்களா எல்லாரும்? சோளம் பன்னண்டு. இவ ஒம்போது."

வெற்றிவேல் மிஷினை வாங்கி வேட்டியில் துடைத்தார். அது தானியத்துக்கு மட்டும்தான் சரியாகக் காட்டும் என்றார். கொளஞ்சியம்மாள் தன் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"நானு இன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"போயி?" என்றான் சின்னராசு. "டாக்டரம்மா மாத்தர குடுத்து சூடு அடங்கிச்சின்னா? இன்னும் ரெண்டு ஊரு மூட்ட வரணும்மே. தை வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு இரு. அப்பறம் நானே கூட்டிக்கினு போறேன்."

அதுவரை அவள், இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். படிக்காதவன், பெண் உடம்பைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி இரண்டு வருஷம் ஓட்டியிருந்தாள். அவனுக்குத் தெரிந்திருந்தது. மாத்திரை இருக்கிறது, சாப்பிட்டால் அடங்கும் என்பதுவரை தெரிந்திருந்தது. அன்றைக்கு யாரும் சீண்டாமலே சூடு வந்தது.

முதல் மணி வெற்றிவேலின் காதோரம் வெடித்தது. அப்புறம் மூட்டை மூட்டையாக வெடித்தது. பத்து நிமிஷத்தில் மூன்று லோடு சோளமும் பொரிந்து, கொட்டகைக் கூரைத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மழையோடு மழையாக ஊர்மேல் விழுந்தது. தெருவில் முழங்கால் ஆழத்துக்குப் பொரி. வேப்பமரம், மாதா சிலையிருந்த கெபி, ரேஷன் கடை எல்லாம் வெள்ளை. மாடுகள் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு வந்து தின்றன. யாருக்கும் காயமில்லை, இளவரசனின் புருவம் மட்டும் கருகியது. மத்தியானம் வந்து பார்த்த வேளாண்மை அலுவலர், இது கோழித் தீவனச் சோளம், பொரியாது என்றும், பொரிந்த அளவு மூன்று லோடு என்றும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கை அள்ளித் தின்று பார்த்து, உப்புதான் கம்மி என்றார்.

அவர் வரும்போது கொளஞ்சியம்மாள் அங்கே இல்லை. பொரி கொட்டிக்கொண்டிருந்தபோதே கிளம்பிவிட்டாள். "நிறுத்துமே, ஐயோ, நிறுத்துமே" என்று சின்னராசு தலைமேல் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு கத்தினான்.

"அதுக்குத்தான்யா போறேன்" என்றாள்.

உபகாரமேரியும் கூட வந்தாள். சங்கராபுரத்தில் பஸ் மாறினார்கள். கொளஞ்சியம்மாள் உட்கார்ந்த சீட்டுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களின் ஈரத் துணி கள்ளக்குறிச்சி போவதற்குள் காய்ந்துவிட்டது; ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் பெண்கள் வரிசை வராந்தா முடிந்து படியிலும் நின்றது. முக்கால்வாசிப் பேர் அவள் வயசு. வெளியே கொட்டுகிற மழையில் அந்த வராந்தா மட்டும் சித்திரை மாதம் போலக் காய்ந்து கிடந்தது.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், தோலையும் தலையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவளை வேலைக்கில்லாமல் தொட்ட முதல் கை அது. கொளஞ்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மேசைமேல் இருந்த பஞ்சு ஓரத்தில் லேசாகக் கருகிப் பழுப்பேறியது. டாக்டரம்மா அதைத் தள்ளி வைத்தார்.

"ரெண்டு வருஷமாம்மா? ஏன் இவ்ளோ நாளா வரல?"

"சோளம் காயவெச்சிக்கினு இருந்தேங்க."

டாக்டரம்மா சீட்டில் மாத்திரையும் களிம்பும் எழுதினார். அதற்குக் கீழே சோளம் என்றும் எழுதினார். பிறகு மணியை அடித்தார். வெள்ளிமலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, கொட்டுகிற மழையில் வந்தவள். சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"உங்க வீட்டுல என்னம்மா காயவெச்சாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா, நிமிராமலே.

"சாமைங்க" என்றாள் அவள்.