பூண் இல்லாத ஸ்டிக்

செத்துப்போன ஷெரின், ராஜபாளையத்தில் தன் கணவன் சாம்சன் பில்லியர்ட்ஸ் மேஜையில் பூல் ஆடும்போது அவன் கையைப் பிடிக்கிறாள். பந்தைத் தட்டும் அந்த ஒரு நொடிக்கு மட்டும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ முழம் என்ன விலை என்பதுபோல, இதுவும் ஊருக்குத் தெரிந்த செய்தி.

சாம்சன் ஒரு துணிக்கடை மாடியில் பூல் கிளப் நடத்துகிறான். ஷெரின் டெங்குவில் இறந்த வருடம், அவனுடைய ஸ்டிக்கின் நுனியில் பந்தில் படும் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பூண் வெடித்துவிட்டது. மாற்றித் தரும்படி ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டில் கால் கடையும் நிஜாமிடம் கொடுத்தான். கட்டில் காலில் பூண் போடுவது அழகுக்குத்தான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்த நிஜாம், பூணை அறுத்துப் போட்டுவிட்டுத் தோலை நேராக மரத்தில் ஒட்டிக் கொடுத்தார். சாம்சன் கோபப்படவில்லை. அந்த வருடம் அவனுக்குக் குழம்பில் உப்பு இல்லாததுகூடத் தெரியவில்லை. வாங்கி வந்து ஆடினான். நுனி எடை குறைந்துவிட்டதால், ஓரத்தில் அடித்தாலும் பந்து அதிகம் விலகாமல் போயிற்று. அடியின் அதிர்வு எங்கும் மட்டுப்படாமல் உள்ளங்கைக்கு வந்தது. அதோடு ஒரு கையும் வந்தது, பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈரத்தோடு.

செட்டியார்பட்டியிலிருந்து ஷெரினின் அக்கா பரிபூரணம் வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு அதே ஸ்டிக்கால் ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தாள்.

"அவதான் தம்பி. கட்டவெரல் நகத்தக் கடிச்சுத் துப்பியிருக்கா. அங்க போயும் அந்தப் பழக்கத்த விடல பாரு."

"ஏதாச்சும் சொன்னாளா மதினி?"

"கை எப்பிடிப் பேசும்? ஆளப் பாரு!"

பூண் இல்லாத மரம் தாங்காது. சில மாதங்களில் நுனி காளான்போல் விரிந்தது. நுனியில் தேய்க்கும் சாக்பீஸின் நீலம் மர நரம்புக்குள் இறங்கியது. ஒரு விரிசல் பிடியை நோக்கி ஓடத் தொடங்கியது. கேள்விப்பட்ட நிஜாம் ஒரு புதுப் பூணோடு தானே பஸ் ஏறி வந்தார். "ஏலே சாம்சா, நாந்தான் கெடுத்தேன், நானே சரி பண்ணுதேன். இதப் போட்டா விரிசல் அங்கனயே நின்னுரும். இல்லன்னா முழுசாப் பொளந்துரும்."

"இதப் போட்டா அவ வருவாளா பாய்?"

"கட்டில் கால் கடையுறவன்ட்ட கேக்குற கேள்வியாலே இது?"

பூண் போட்டார்கள். விரிசல் நின்றது. பந்து பழையபடி விலகியது. கை வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் சாம்சன் அப்படியே ஆடினான், ஜெயிக்கவும் செய்தான். பிறகு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கடைசல் மெஷினுக்கு முன்னால் ஸ்டிக்கை நீட்டினான். "அறுத்துருங்க பாய்." நிஜாம் பூணை அறுத்தார்.

விரிசல் மறுபடி ஓடியது. சென்ற வருடம் பிடிவரை வந்து, மரம் முடிந்த இடத்தில் நிற்காமல் சாம்சனின் உள்ளங்கைக்குள் ஏறியது. இப்போது மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. ரத்தம் இல்லை, வலி இல்லை. உள்ளே லேசாக நீலம் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலால் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்று சொல்லி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பரிபூரணம் முழுக்கைச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தோளுக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆகும் என்பது நிஜாமின் கணக்கு. கிளப் தினமும் திறக்கிறது. இப்போதெல்லாம் பந்து குழியில் விழுந்த பிறகும் அந்தக் கை சற்று நேரம் இருக்கிறது.