பின்னறைப் பங்கு

பத்திரம் எழுதுகிறவளின் பின்னறைக்குள் கால் வைத்த யாருக்கும் தான் யார் என்பது மறந்துவிடும். வெளியே கால் வைத்ததும் நினைவு வந்துவிடும். கூரைத் தகடு மாற்றிய வாரத்தில் இது தொடங்கியது. கொத்தனாரைக் கேட்டதற்கு, தகடு போட்டது மட்டும்தான் தன் வேலை என்று கையை விரித்துவிட்டார். அறை பத்தடிக்குப் பன்னிரண்டு. ஒரு மேஜை, ஆறு நாற்காலி, ஒரு ஜன்னல். பத்திரக்காரி தினமும் அதைப் பெருக்குவாள். உள்ளே போனதும் தான் யார் என்று தெரியாமல் ஒரு கணம் நிற்பாள், பிறகு கையில் துடைப்பம் இருப்பதைப் பார்த்து, பெருக்க வந்தவள் போலிருக்கிறது என்று பெருக்கிவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

முதலில் மாட்டியது செங்கல் சூளைக்காரர்கள் மூன்று பேர். ஒன்பது வருடமாகச் சொத்துக்கு அடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள். முன்னறை ஒழுகியதால் அவர்களைப் பின்னறையில் உட்காரவைத்தாள். இரண்டு மணி நேரத்தில் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. உள்ளே அவர்களுக்குக் குடும்பம் முழுக்க நினைவிருந்தது: ஒருவனுக்கு நான்கு பிள்ளைகள், ஒருவன் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன், ஒருவனுக்குக் கால் சரியில்லை. அதில் தான் எவன் என்பது மட்டும் தெரியவில்லை, எதிரே இருப்பவன் எவன் என்பதும் தெரியவில்லை; உடம்பில் இருக்கிற அடையாளம்கூட அங்கே புத்தியில் ஏறவில்லை. கால் சரியில்லாதவன் தானாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மூவருக்கும் பயம். அதனால் ரோட்டோர மனையை அவனுக்கு எழுதினார்கள். வெளியே வந்து பார்த்தபோது மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் எழுதியதில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அதன் பிறகு கூட்டம் தாங்கவில்லை. பத்திரக்காரி ஒரே ஒரு விதி வைத்தாள்: உள்ளே எழுதியதை வெளியே ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. போவதற்கு முன்பே அதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவாள். வெளியே வந்து தலைகீழாக நின்றவர்கள் உண்டு, காலைப் பிடித்தவர்கள் உண்டு. அவள் மசிந்ததில்லை. ஒரு மர வியாபாரி தன்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, ‘நீதான் மூத்தவன், விடாதே’ என்று உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டு போனார். உள்ளே அதைப் படித்தவர், மூத்தவன் யாரோ ஒரு திருட்டுப்பயல், என் கையிலேயே எழுதி ஏமாற்றப் பார்க்கிறான் என்று கொதித்துப்போய், மூத்தவன் பங்கில் பாதியை வெட்டினார். இன்னொரு சங்கதியும் தெரியவந்தது. அந்த அறையில் ரகசியம் தங்காது. தன்னுடையது என்று தெரிந்தால்தானே மறைக்கத் தோன்றும்.

கல்லூரியில் தத்துவம் நடத்துகிற வாத்தியார் ஒருவர் இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு வந்து பார்த்தார். நாம் பணக்காரனா ஏழையா, பலசாலியா நோஞ்சானா என்று தெரியாத நிலையில் எந்தச் சட்டத்துக்குச் சம்மதிப்போமோ அதுதான் நியாயமான சட்டம் என்று ஒரு கொள்கை இருக்கிறது என்றார். “நாங்க இதைக் கற்பனை பண்ணிப் பாருங்கன்னுதான் பாடம் நடத்துறோம்மா. நீங்க கூட்டிப் பெருக்கி வச்சிருக்கீங்க.” பத்திரக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. நியாயம் என்றால் தன் வீட்டுப் பின்னறை என்று அன்றிலிருந்து நினைக்க ஆரம்பித்தாள்.

ஆகவே அந்த வீட்டையே பங்கு போடும் நாள் வந்தபோது அவள் கவலைப்படவில்லை. அப்பா போய் மூன்று வருடமாகியிருந்தது. பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் பஸ் டிரைவர், வாடகை வீட்டில் நான்கு பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள், இருபத்திரண்டு வருடமாக அங்கேயே தொழில், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான். மூன்றாவது தங்கை. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு பதினேழு வருடத்துக்கு முன் போனவள். அப்பா போனது அவளுக்கு நான்கு மாதம் கழித்து, காய்கறிக் கடையில் யாரோ துக்கம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. அப்பா படுக்கையில் விழுந்ததுமே தகவல் சொல்லிக் கடிதம் போட்டேன், அவள்தான் வரவில்லை என்று பத்திரக்காரி அண்ணனிடம் சொல்லியிருந்தாள். இப்போது தங்கையின் கையெழுத்து இல்லாமல் பாகம் பிரிக்க முடியாது. அதனால் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

“உள்ள போனா எல்லாம் சரியா நடக்கும். யார் மனசும் கோணாது,” என்றாள் பத்திரக்காரி. எந்தக் கண்ணால் பார்த்தாலும் வீடு தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூவரும் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். மாடி, நான்கு பெண்கள் இருக்கிறவனுக்கு என்று சுலபமாக முடிந்தது. பிறகு ஒரு பெண் குரல், ஊர்ச் செய்தி சொல்கிற மாதிரி, “அந்த நடுவுல உள்ளவ லெட்டர் போடவே இல்ல, தெரியுமா? எழுதினா. ஸ்டாம்புகூட ஒட்டினா. டிராயர்லயே வச்சுட்டா,” என்றது. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அப்பா போனது சொல்லப்படாத பெண் தானாக இருந்தால்? காய்கறிக் கடையில், கையில் பையோடு நின்று அதைக் கேட்டது தானாக இருந்தால்? அவள் அழுதாள். நடுவுல உள்ளவளைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்று எல்லோரையும்விடக் கோபமாகப் பேசியதும் அவள்தான். எதிரே இருந்த இன்னொரு பெண்தான் நிதானமாக, “அது நானா இருந்தா எங்க போவேன்? தொழில் அங்கதானே,” என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. முன்னறை நடுவுல உள்ளவளுக்கு, பின்னறையும் அதன் ஒரே சாவியும் சின்னவளுக்கு என்று எழுதினார்கள். அழுதவள் காகிதத்தை வாங்கிக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: கடைசி நாளில் அப்பா என்ன கேட்டார் என்பதை நடுவுல உள்ளவள் சின்னவளிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

பத்திரக்காரிதான் முதலில் வெளியே வந்தாள். ஒரு கால் வெளியே வந்ததும் எல்லாம் வந்துவிட்டது. அந்தக் காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பின்னால் வந்த அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசி வரி அவள் கையெழுத்தில் இருந்தது. பத்திரத்துக்கென்றே பழகிய, ஒரு புள்ளி தப்பாத எழுத்து.

விதி அவளுடையது. மாற்ற முடியாது. அவள் அவமானத்தில் குறுகிப்போனாள். டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்துத் தங்கை முன்னால் வைத்தாள். ஸ்டாம்பு பழுத்திருந்தது. தங்கை அதைத் தொடவில்லை.

“மூணு தடவ கேட்டாரு,” என்றாள் பத்திரக்காரி. “சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு. வந்துக்கிட்டே இருக்காப்பான்னு சொன்னேன். அவ வந்தா, இத்தன வருஷம் பார்த்துக்கிட்ட நான் யாருமில்லாமப் போயிடுவேன்னு இருந்துச்சு.”

தங்கை குனிந்து செருப்பைக் கழற்றினாள். “வந்துட்டேன்,” என்றாள், அக்காவிடம் அல்ல, வீட்டைப் பார்த்து.

பத்திரம் அப்படியே பதிவானது. அண்ணன் குடும்பம் மாடிக்கு வந்தது. தங்கை தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து பின்னறையைத் திறந்துவிடுகிறாள். அவள் வராமல் அக்காவுக்கு வேலை ஓடாது. முதல் வருடம் பூட்டைத் திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். இரண்டாம் வருடம் டீ குடிக்க நின்றாள். இப்போது ஆட்கள் வருவதற்கு முன் இருவரும் ஆளுக்கொரு கோப்பையோடு உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காருகிறார்கள். யார் தப்பு செய்தவள், யார் மன்னிக்க வேண்டியவள் என்று இருவருக்கும் தெரிவதில்லை. வெளியே வரும்போது சில நாள் கோப்பை மாறியிருக்கும். அவரவர் கையில் இருப்பதைக் குடித்து முடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.